புதுப் பூக்கள் வருகின்றன. நமது சட்டம் தயாரா?

பெங்களூரில் பூ விற்காத நாள் கிடையாது. விடிவதற்கு முன்பே கே.ஆர். மார்க்கெட்டில் சாமந்தியும் கனகாம்பரமும் சம்பங்கியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகின்றன. ஓசூர் வட்டாரத்தில் விளையும் ரோஜா கடல் கடந்து போகிறது. பயிரிடுகிறவர், பறிக்கிறவர், தொடுக்கிறவர், விற்கிறவர் என்று எல்லையின் இரு பக்கமும் இத்தொழிலை நம்பியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அவர்கள் பிழைப்பைத் தொடக்கூடிய ஒரு மாறுதல் வெளிநாட்டு ஆராய்ச்சிக்கூடங்களில் நெடுநாளாக நடந்து வருகிறது. மண்ணில் வாழும் பாக்டீரியாவைக் கொண்டு பூச்செடிகளுக்குப் புதுக் குணங்களைப் புகுத்தும் முறைதான் அது.

கழலை தந்த பாடம்

அக்ரோபாக்டீரியம் என்பது இந்தக் கிருமியின் பெயர். ரோஜா, திராட்சை போன்ற செடிகளின் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் சில சமயம் கழலை போன்ற வீக்கம் தோன்றும். அதற்கு இக்கிருமியே காரணம் என்று 1907-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஸ்மித்தும் டவுன்செண்டும் காட்டினார்கள். வீக்கம் எப்படி உண்டாகிறது என்ற ரகசியம் வெளிப்பட மேலும் 70 ஆண்டுகள் பிடித்தன. கிருமி தன் மரபணுவில் ஒரு துண்டைச் செடியின் உயிரணுவுக்குள் செலுத்திவிடுகிறது என்பதை 1977-இல் மேரி-டெல் சில்ட்டன் என்ற பெண் விஞ்ஞானியின் குழு நிரூபித்தது. செடி அந்தத் துண்டைத் தன்னுடையதாகவே ஏற்றுக்கொண்டு, கிருமிக்கு வேண்டிய உணவைத் தயாரித்துக் கொடுக்கிறது. குடி வந்தவன் வீட்டுப் பத்திரத்தில் தன் பெயரையும் எழுதிக்கொண்ட கதைதான்.

விஞ்ஞானிகள் செய்ததெல்லாம், கழலையை உண்டாக்கும் பகுதியை நீக்கிவிட்டு அந்த இடத்தில் தாங்கள் விரும்பும் மரபணுவை வைத்ததுதான். இலைத் துண்டுகளைக் கிருமி கலந்த நீரில் நனைத்து, புதுக் குணம் ஏறிய உயிரணுக்களிலிருந்து முழுச் செடியை வளர்த்து எடுக்கிறார்கள்.

இயற்கையும் இதைச் செய்திருக்கிறது. சங்கராந்திக்கு நாம் வேகவைத்துச் சாப்பிடும் சர்க்கரைவள்ளிக் கிழங்கில் இவ்வகைக் கிருமியின் மரபணுத் துண்டுகள் இருப்பது 2015-இல் தெரிய வந்தது. எந்த ஆராய்ச்சிக்கூடமும் அவற்றை வைக்கவில்லை.

நீல நிறத்தின் பின்னால்

ரோஜாவிலும் கார்னேஷனிலும் சாமந்தியிலும் நீலம் இல்லை. அதற்கான நிறமியைத் தயாரிக்கும் வழி அச்செடிகளுக்கு இல்லை. பெட்டூனியாவின் மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய ஊதாநிறக் கார்னேஷன் 1996-இல் ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு வந்தது. நீல ரோஜா என்ற பெயரில் ஒன்று 2009-இல் ஜப்பானில் கடைக்கு வந்தது. பார்த்தவர்கள் அதை இளஊதா என்றே சொன்னார்கள். 2017-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் நீலச் சாமந்தியை அறிவித்தார்கள். அதில் சேர்த்த இரண்டு மரபணுக்களில் ஒன்று, நம் வீட்டு வேலியில் படரும் சங்குப்பூவினுடையது!

இவையெல்லாம் பெரும்பாலும் பணக்கார நாடுகளின் பரிசுப் பூக்கள். கே.ஆர். மார்க்கெட்டுக்குப் பூ அனுப்பும் விவசாயியின் கவலை நிறமல்ல. கனகாம்பரத்தையும் சம்பங்கியையும் வேரில் முடிச்சுப் போட்டு வாட்டும் நூற்புழு அவர் கவலை. பறித்த பூ மறுநாள் வரை நிற்காதது அவர் கவலை. சீக்கிரம் வாடாத கார்னேஷனை வெளிநாட்டார் இதே வழியில் உருவாக்கியிருக்கிறார்கள். நமது பூக்களில் இதை ஆராய வேண்டியவை ஹெசரகட்டாவிலும் கோயம்புத்தூரிலும் உள்ள அரசு நிலையங்களே. அவை முன்வராவிட்டால், வேறொருவர் உருவாக்கிய நாற்றுக்கு நம்மவர் உரிமைத் தொகை கட்டும் நிலைதான் தொடரும்.

கவனிக்கத்தக்க இன்னொரு வழியும் உண்டு. இக்கிருமியின் உறவினம் ஒன்று செடிக்குக் கற்றையாக வேர் முளைக்கச் செய்யும். அதன் இயற்கை வடிவத்தையே மாற்றாமல் பயன்படுத்தி, கலாஞ்சோ என்ற தொட்டிச் செடியைக் குட்டையாக வளர வைத்தார்கள் டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தார். தொட்டிச் செடி உயரமாகாமல் இருக்க இரசாயனம் தெளிப்பது வழக்கம். அந்தத் தெளிப்பைக் குறைக்க இது உதவும். ஆராய்ச்சிக்கூடத்தில் வெட்டி ஒட்டிய மரபணு எதுவும் இதில் இல்லாததால், ஐரோப்பிய யூனியனில் இது மரபணு மாற்றுச் செடியாகக் கருதப்படுவதில்லை.

பெட்டூனியா எச்சரிக்கை

அப்படியானால் தடையின்றித் திறந்துவிடலாமா? கூடாது என்பதற்கு ஹெல்சிங்கி ரயில் நிலையம் சாட்சி. 2015-இல் அதன் அருகே தொட்டியில் பூத்திருந்த ஆரஞ்சு நிறப் பெட்டூனியாவைத் தாவர விஞ்ஞானி தீமு தீரி தற்செயலாகக் கண்டார். பெட்டூனியாவுக்கு அந்த நிறம் இயல்பானது அல்ல. 1987-இல் ஜெர்மனியில் மக்காச்சோள மரபணுவைப் பெட்டூனியாவில் புகுத்திய சோதனை அவர் நினைவுக்கு வந்தது. அந்தச் சோதனையில் கையாண்ட முறை வேறு. ஆனாலும் படிப்பினை எல்லா முறைக்கும் பொதுவானது. பரிசோதித்தபோது சந்தேகம் உறுதியாயிற்று. அனுமதி பெறாத செடி யாருக்கும் தெரியாமல் பல நாடுகளின் கடைகளில் விற்றுக்கொண்டிருந்தது!

2017-இல் பின்லாந்தும் பின்னர் அமெரிக்காவும் நடவடிக்கை எடுத்தன. அச்செடியால் ஆபத்து என்று எந்த அதிகாரியும் சொல்லவில்லை. ஆயினும் அனுமதி இல்லை என்பதால் செடிகள் அழிக்கப்பட்டன. விதையையும் நாற்றையும் நம்பி வாங்கிய பண்ணைக்காரர் என்ன தவறு செய்தார்? ஆனாலும் நட்டம் அவர் தலையில் விழுந்தது. அதே செடிக்கு 2021-இல் அமெரிக்கா அனுமதி வழங்கியது. அழித்த செடிக்கு அதனால் என்ன பயன்?

நமது நிலை

இந்தியாவில் மரபணு மாற்றுச் செடி எதுவானாலும் 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசின் மதிப்பீட்டுக் குழுவைத் தாண்டி வர வேண்டும். பூவுக்கும் உணவுக்கும் ஒரே வாசல்தான். அவ்வழியே 2002-இல் பருத்தி வந்தது. கத்தரிக்காய் 2010-இல் நிறுத்தி வைக்கப்பட்டது. 2022-இல் குழு பரிந்துரைத்த கடுகு பற்றிய வழக்கில், 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு வழங்கினார்கள். முன்வாசல் இவ்வளவு இறுக்கமாக இருந்தபோதே, அனுமதியற்ற களைக்கொல்லி தாங்கும் பருத்தி விதை கொல்லைப்புறமாகப் பரவிவிட்டது. வெட்டி நட்டால் வேர் பிடிக்கும் பூச்செடிக்குக் கொல்லைப்புறம் இன்னும் எளிது.

பூவை யாரும் தின்பதில்லை, ஆகவே சோதனை வேண்டாம் என்பது மேல்நாட்டு வாதம். இங்கே அது செல்லாது. ரோஜா குல்கந்தாகிறது. சாமிக்குச் சாத்திய மாலை மறுநாள் மாட்டின் வாய்க்குப் போகிறது. ஜப்பானில்கூட, காட்டுச் சாமந்தியோடு கலந்துவிடுமோ என்ற அச்சத்தால் நீலச் சாமந்தியை மலடாக்க வேண்டும் என்று கருதினார்கள்.

ஆகவே வேண்டியது இரண்டு. ஒன்று, பூச்செடிகளுக்கென்று கால வரம்புடன் கூடிய தெளிவான அனுமதி முறை. இயற்கைக் கிருமியால் மட்டும் மாறிய செடி எந்த வகையில் சேரும் என்பதையும் அது சொல்ல வேண்டும். இரண்டு, இறக்குமதியாகும் நாற்றைத் துறைமுகத்திலேயே சோதிக்கும் ஏற்பாடு. சோதனையில் தப்பி வந்த செடியைப் பின்னால் அழிக்க நேர்ந்தால், அதை விற்றவரே நட்ட ஈடு தர வேண்டும் என்ற விதியும் உடன் வர வேண்டும். இல்லாவிட்டால், ஹெல்சிங்கியில் நடந்தது நாளை ஓசூரில் நடக்கும்போது, நட்டவர் வயிற்றில்தான் அடி விழும்.