ஏற்றம் என்ஜின் பாடு, இறக்கம் யார் பாடு?

‘புதுசு வாங்கலாமா, பழசையே ரெடி பண்ணலாமா?’ என்று ஒருவர் உங்களிடம் யோசனை கேட்டால் உஷாராக இருங்கள். அவர் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார். பின்னால் ஏதாவது ஆனால் பழி போட ஓர் ஆள் தேடுகிறார், அவ்வளவுதான். கட்டில், மாடு, டி.வி. எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். லாரிக்கு ரொம்பவே பொருந்தும்.

என் ஒன்றுவிட்ட தம்பி போளூரில் இருக்கிறான். ஜவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூருக்குப் போய், சாமை, புளி, பலாப்பழம் என்று அந்தந்தப் பருவத்தில் கிடைப்பதை ஏற்றிக் கீழே கொண்டுவருவது பிழைப்பு. வைத்திருப்பது ஒரு டாடா 407. 2009 மாடல். மாடல் என்றதும் அழகிப் போட்டி ஞாபகம் வரவேண்டாம். கதவைத் திறக்க ஓர் உதை, மூட இரண்டு உதை.

‘‘ண்ணா, நீயே சொல்லு. நீ சொன்னா சரியா இருக்கும்’’ என்று இரண்டு காகிதங்களை நீட்டினான். ஒன்று புது வண்டிக் கணக்கு. இன்னொன்று பழசைப் பிரித்துப் பூட்டுவதற்கு மெக்கானிக் எழுதிக்கொடுத்த எஸ்டிமேட்.

அதற்குள் டீக்கடை ஒரு தீர்ப்பு வழங்கியிருந்தது. 15 வருஷம் தாண்டிய வண்டியை கவர்மென்ட் பிடுங்கி உடைத்துவிடும் என்று. அப்படி இல்லை. 15 வருஷக் கெடு அரசாங்கத்தின் சொந்த வண்டிகளுக்கு. அது 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. நம் ஊரில் தனியார் லாரிக்கு வயசு முக்கியமில்லை, எஃப்.சி.தான் முக்கியம். எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. அதற்குப் பிறகு வருஷா வருஷம். ஆனால் 15 தாண்டிய கிழடுகளுக்கு எஃப்.சி. கட்டணத்தை 2022-லிருந்து மத்திய அரசு பல மடங்கு ஏற்றியது. உடைக்கச் சொல்லவில்லை; உடைத்தால் தேவலை என்று நினைக்க வைக்கிறார்கள்.

முதலில் புதுசு. 2025 செப்டம்பர் 22 முதல் லாரிக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. இது நிஜமான லாபம். அந்த அக்டோபரிலிருந்து தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி.யும் கட்டாயம். மார்கழியில் ஜமுனாமரத்தூரில் ஏ.சி. எதற்கு என்று கேட்காதீர்கள். சித்திரையில் போளூருக்கு இறங்கிப் பாருங்கள்.

கையில் இருப்பதைக் கட்டியது போக 10 லட்சம் கடன். 10.5 சதவீத வட்டியில் 5 வருஷம் என்றால் மாதம் சுமார் 21,500 ரூபாய். அறுபது தவணை கட்டி முடிக்கும்போது 12,90,000 ஆகியிருக்கும்.

‘‘மாசம் 21,500 வருமா?’’ என்றேன்.

‘‘சீசன்ல வரும் ணா. புளி இருக்கு, பலா இருக்கு...’’

‘‘மழைக்காலத்துல?’’

மௌனம். மாசி, பங்குனியில் புளி. ஆனி, ஆடியில் பலா. ஐப்பசி மழையில் பாதி நாள் வண்டி வேப்பமரத்தடியில். எல்லாவற்றுக்கும் சீசன் உண்டு. தவணைக்கு மட்டும் கிடையாது. வருஷம் பூராவும் லோடு தருகிறேன் என்று ஒரு மண்டிக்காரர் ஒப்புக்கொண்டால் புதுசு வாங்கு. இல்லாவிட்டால் பைனான்ஸ்காரருக்குத்தான் வண்டி ஓட்டுவாய் என்று சொன்னேன்.

இன்னொரு விஷயம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்கிற வண்டிகள் பி.எஸ். 6. புகை குறைவு, ரொம்ப நல்லது. ஆனால் சென்சார்கள் அதிகம். நடுமலையில் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தால் ஸ்பேனரும் சுத்தியலும் போதாது. கம்ப்யூட்டரைச் செருகிப் பார்க்கிற ஆள் கீழேயிருந்து வரவேண்டும். அதுவரை பலாப்பழம் காத்திருக்காது. வாசனையாலேயே ஊரைக் கூட்டிவிடும்.

சரி, பழசையே பிரித்துப் பூட்டினால் தாங்குமா? எனக்குக் காவலூர் ஞாபகம் வந்தது. இதே மலையில், ஆலங்காயம் வழியில், வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறதல்லவா? அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்தது 1986-ல். டாடா 407 சந்தைக்கு வந்ததும் அதே 1986தான். இரண்டும் ஒரே வயசு! இதற்கும் மூத்தது, 1972-ல் வந்த 1 மீட்டர் தொலைநோக்கி. 1977-ல் யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் உண்டு என்று உலகத்துக்குத் தெரியவந்ததில் அதற்கும் பங்கு உண்டு. இத்தனை வருஷத்தில் கண்ணாடி மங்காதா? மங்கும். அதற்காகக் கண்ணாடியைத் தூக்கிப் போடுவதில்லை. மேலே உள்ள மெல்லிய அலுமினியப் பூச்சை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுகிறார்கள். புதுசே வாங்குவதில்லை என்றும் இல்லை; 2014-ல் 1.3 மீட்டரில் இன்னொன்று வைத்தார்கள். அடியில் இருக்கிற சரக்கு சரியாக இருந்தால் மேல்பூச்சு வெறும் செலவு. அடியே கோணல் என்றால் எத்தனை பூசினாலும் வீண்.

லாரிக்கு அந்த அடி, சேஸிஸ். பரிசோதிப்பது சுலபம். மூலைக்கு மூலை குறுக்காக நூல் பிடித்துப் பார்க்கவேண்டும். இரண்டு நீளமும் ஒன்றாக இருக்கவேண்டும். ஸ்பிரிங் மாட்டுகிற இடத்தில் விரிசல், பழைய வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று தேய்த்துப் பார்க்கவேண்டும். தம்பியின் வண்டியில் நூல் பிடித்தோம். சேஸிஸ் நேராக இருந்தது.

பிறகு எஸ்டிமேட்டைப் படித்தேன். என்ஜின் 1,30,000. புது பாடி 1,60,000. டயர் ஆறு, 60,000. பெயின்ட், சீரியல் லைட், மியூசிக் ஹாரன் 35,000. பிரேக் 8,000. ஆக மொத்தம் 3,93,000.

ஹாரனுக்கும் அலங்காரத்துக்கும் 35, பிரேக்குக்கு 8! ‘நிற்கமாட்டேன், வழிவிடு’ என்று பாட்டாகப் பாடுகிற வண்டி.

அந்த மலையில் முப்பது வருஷமாக ஓட்டுகிற ஒரு டிரைவர் பெரியவர் பக்கத்தில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். ‘‘ஏத்தத்துல நிக்கிற வண்டி மானத்த வாங்கும் சார். எறக்கத்துல நிக்காத வண்டி உசுர வாங்கும்’’ என்றார். எல்லோரும் வண்டியை ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்து விலை பேசுகிறார்கள். மேலே போகும்போது காலி வண்டி. லோடோடு வருவது இறக்கத்தில். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் கொதிக்கும், லைனிங் வழுக்கும், பல வருஷமாக மாற்றாத பிரேக் ஆயிலில் ஈரம் சேர்ந்திருந்தால் அதுவும் கொதித்து, மிதி வெறுமனே தரைக்குப் போகும். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று பெரியவர்கள் சொன்னது இதற்காகத்தான்.

இதில் சிரிக்க முடியாத ஒரு பாகம் உண்டு. 2022 ஏப்ரலில் இதே ஜவ்வாது மலையில், புதூர்நாடு பக்கம், செம்பரை கோயிலுக்குப் போனவர்களின் வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது என்பது சட்டம். ஆனால் மலையில் அடுத்த பஸ் எப்போதோ. ‘‘நான் கூப்புடலன்னாலும் அவங்களே ஏறிக்கிறாங்க ணா. புள்ளத்தாச்சியா இருந்தா எப்படி எறங்குன்னு சொல்றது?’’ என்றான் தம்பி. என்னிடம் பதில் இல்லை. கேபினில் ஒரு சீட் தரலாம், மூட்டைமேல் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். மூட்டைமேல் உட்காருகிறவர்களுக்கு வண்டி புதுசா பழசா என்று தெரியாது. நிற்குமா நிற்காதா என்பது ஒன்றுதான் அவர்கள் வாழ்க்கை.

எஸ்டிமேட்டைத் திருப்பி எழுதினோம். புது பாடி இல்லை, பலகைகளை மட்டும் மாற்றி 70,000. பிரேக் டிரம், லைனிங், சிலிண்டர், பைப், ஸ்பிரிங், ஸ்டீயரிங் மூட்டுகள் எல்லாம் சேர்த்து 45,000. என்ஜினும் டயரும் அப்படியே. பெயின்ட்டுக்கு 5,000. மொத்தம் 3,10,000. மூன்று வருஷம் கழித்து, கையில் காசு சேர்ந்து, நிரந்தர லோடும் கிடைத்தால் புதுசு வாங்கட்டும். நானே வந்து தேங்காய் உடைக்கிறேன்.

5,000-க்கு பெயின்டர் புலியெல்லாம் வரையமாட்டாராம். எழுத்துதான், அதுவும் இரண்டு வார்த்தைக்குள். என்ன எழுதலாம் என்று தம்பி கேட்டான்.

‘‘மெதுவா வர்றேன்.’’

ஒப்புக்கொண்டான்.