கேட்கக் கொடுக்காததை விரும்புவது எப்படி?



அண்மையில் பெற்றோர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "டீச்சர், இசைப் பாடவேளையைக் கணிதத்துக்குக் கொடுத்துவிட்டால் என்ன? பாட்டு ரசனை அவரவர் விருப்பம். அதைப் பள்ளியில் சொல்லிக்கொடுக்க முடியுமா?"

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஆயினும், இசைப் பாடவேளையைக் கடன் கேட்கும் பழக்கம் மட்டும் நீங்கியபாடில்லை. அன்று நான் புன்னகைத்துவிட்டு நகர்ந்தேன். அது தவறு. சொல்லத் தவறிய மறுமொழியை இங்கே எழுதுகிறேன்.

ரசனை அவரவர் விருப்பம் என்பது பாதி உண்மை. கேட்ட பாடல்களுள் ஒன்றைத்தான் ஒருவர் விரும்பவோ வெறுக்கவோ இயலும். காதில் விழாத பாடலை எவர் விரும்புவார்?

என்னையே சான்றாகக் கூறுகிறேன். திரைப்பாடல் தவிர வேறு இசை அறியாமல் வளர்ந்தவள் நான். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்றபோது, தோழி ஒருத்தி இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' ஒலிநாடாவைத் தந்தாள். 1986இல் வெளிவந்த அத்தொகுப்பை அவர் தியாகராசருக்கும் ஜெர்மானிய இசைமேதை செபாஸ்தியன் பாக்குக்கும் காணிக்கையாக்கியிருந்தார். யார் இவ்விருவர் என்று தேடத் தொடங்கினேன். இன்று நான் 'என் ரசனை' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வது, அன்று ஒருத்தி என் கையில் வைத்தது!

அந்தப் பாக் 1750இல் மறைந்தார். பின்னர்ப் பல பத்தாண்டுகள் அவருடைய பெரும்படைப்புகள் பொதுமேடைகளில் அரிதாகவே ஒலித்தன. 1829இல் மெண்டல்சன் என்னும் இருபது வயது இளைஞர்தாம் பாக்கின் 'மத்தேயு பாடுகள்' என்ற படைப்பைப் பெர்லின் நகரில் மீண்டும் அரங்கேற்றினார். அதன் படியை அவருக்குப் பரிசளித்தவர் அவருடைய பாட்டி.

நம் இசை வரலாறும் இதையே கூறுகிறது. திருவாரூரில் பிறந்த தியாகராசரின் (1767–1847) கீர்த்தனைகள் இன்றும் வாழக் காரணம், அவற்றை மனனம் செய்தும் எழுதிவைத்தும் காத்த மாணவர் பரம்பரைகளே. அவருக்கு முன்பே தமிழில் கீர்த்தனை படைத்தவர் சீர்காழி முத்துத்தாண்டவர். அவருடைய சொற்கள் எஞ்சின, மெட்டுகள் காக்கப்படவில்லை. இன்று நாம் கேட்பவை பிற்காலத்தார் அமைத்த மெட்டுகள். இராம நாடகம் பாடிய அருணாசலக் கவிராயரின் பாடல்கள் பலவற்றுக்கும் இதே கதிதான். வாங்கிப் பாட மாணவர் இல்லையெனில் மேதையின் மெட்டும் மறைந்துபோகும்.

தமிழ்ப் பாடலுக்கு மேடையில் உரிய இடம் வேண்டுமென்று அக்காலத்தில் தமிழகத்தில் போராடினர். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. நம் பள்ளிகளிலோ அந்த இடத்தை எவரும் மறுக்கவில்லை. பாடவேளை உண்டு, ஆசிரியர் உண்டு, நாமே அதைக் காலியாக வைத்திருக்கிறோம்!

நம் ஜொகூர் மாநிலத்தையே பாருங்கள். 1988இல் ஜொகூர் பாருவில் சீனர்கள் உருவாக்கிய இருபத்து நான்கு பருவ முரசு, பூன் யூ உயர்நிலைப்பள்ளி மாணவர்களின் கைகளில் வளர்ந்தது. இன்று நாடெங்கும் பள்ளிகளில் முழங்குகிறது. அம்மாணவர்கள் பிறக்கும்போதே முரசு ரசனையோடு பிறந்தவர்களா?

நான் கேட்பது பெரிதன்று. திங்கட்கிழமைச் சபைகூடலில் ஐந்தே நிமிடம். மாதம் ஒரு பாடல். அதைப் பாடியவர் யார், எக்காலத்தவர் என்று இரண்டு வரி. ஆண்டுக்குப் பத்துப் பாடல் என்றாலும், ஆறாம் ஆண்டை முடிக்கும் மாணவன் அறுபது பாடல்களைக் கேட்டிருப்பான். முத்துத்தாண்டவர், கோபாலகிருஷ்ண பாரதியார், பாபநாசம் சிவன் வரட்டும். தியாகராசரும் பாக்கும் வரட்டும். திரைப்பாடலுக்கும் நான் பகையில்லை. பெற்றோர்களே, யோங் பெங்கிலிருந்து பத்து பகாட் போகும் வழியில் காரில் ஒரு பாடலை ஒலிக்க விடுங்கள். கணிதம் ஒன்றும் குறைந்துவிடாது.

கேட்ட பிறகு பிள்ளை "பிடிக்கவில்லை" என்று சொல்லட்டும். அது அவனுடைய ரசனை, மதிப்போம். கேட்காமலேயே அவன் அப்படிச் சொன்னால், அது நம் குற்றம்.

சிந்திப்போம், செயல்படுவோம்.