மேட்ச் டிக்கெட்டிலேயே மெட்ரோ... கோச்சிங் கிளாஸுக்கு?

சேப்பாக்கத்தில் ஐ.பி.எல் மேட்ச் என்றால் முதல் கேள்வி, 'டிக்கெட் கிடைச்சுதா?' அடுத்த கேள்வி, 'வண்டியை எங்கே விடுறது?'

2023 சீசனில் இரண்டாவது கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது. சி.எஸ்.கே-வும் சென்னை மெட்ரோவும் கைகோத்ததில், மேட்ச் டிக்கெட்டில் இருந்த பார்கோடே மெட்ரோ டிக்கெட்டாகவும் ஆனது. அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கினால் மைதானம் பக்கம்தான். இலவசம் என்பதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது, மேட்ச் நாள்களில் ரயில் நேரத்தை நீட்டித்ததுதான். ராத்திரி 11 மணிக்கு மேல் வீடு திரும்ப ரயில் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால்தானே பைக் சாவியை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புவோம்!

ஜெர்மனியில் இது பழைய பழக்கம். அங்கே நடந்த யூரோ 2024 கால்பந்துத் தொடரில், டிக்கெட் வைத்திருந்தவர்களுக்கு உள்ளூர் பஸ், ரயில்களில் 36 மணி நேரப் பயணம் இலவசம்.

சரி, உட்கார்ந்து பார்க்கிற மேட்சுக்கு இவ்வளவு யோசிக்கிறோம். நம் பிள்ளைகள் ஓடி விளையாடுகிற மேட்சுக்கு?

சனிக்கிழமை காலை ஏதாவது ஒரு கோச்சிங் மைதானத்தின் கேட்டைப் பாருங்கள். ஒரு காருக்கு ஒரு பிள்ளை. இறக்கிவிட்ட பிறகும் ஏ.சி-க்காக இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடும்போது பிள்ளைகள் வழக்கத்தைவிடப் பல மடங்கு காற்றை உள்ளே இழுக்கிறார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நாம் விடும் புகையும் அதில் சேர்த்திதான். காத்திருக்கும்போது இன்ஜினை அணைப்பதற்குச் செலவே இல்லை. இந்த வாரமே ஆரம்பிக்கலாம்.

'பஸ்ல அனுப்பலாம்தான், கிட் பேகை யார் தூக்குறது?' என்று கிரிக்கெட் அம்மாக்கள் கேட்பது நியாயம். பேட், பேட், ஹெல்மெட் எல்லாம் சேர்ந்தால் (முதல் பேட் கையில் பிடிப்பது, இரண்டாவது காலில் கட்டுவது!) பத்து வயதுப் பிள்ளையால் தூக்க முடியாது. இதைத் தீர்க்க வேண்டியது பெற்றோர் இல்லை, அகாடமி. மைதானத்திலேயே பூட்டுப் போட்ட ஓர் அலமாரி, பக்கத்திலேயே சைக்கிள் நிறுத்த ஒரு கம்பி. மாதக் கட்டணம் கட்டும் நாம் இதைக் கேட்டு வாங்கலாம். 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கோச்சிங் இல்லாத நாள்களில் அதை எங்கே தேடுவது? பள்ளிக்கோ டியூஷனுக்கோ சைக்கிளில் போகப் பழகிய பிள்ளைக்கு அதில் ஒரு பங்கு தானாகவே சேர்ந்துவிடும்.

வெளியூர் மேட்ச்தான் கொஞ்சம் சிக்கல். ஊருக்கு வெளியே ஒரு கல்லூரி மைதானத்தில் காலை 6.30-க்கு ரிப்போர்ட்டிங் என்று போட்டுவிட்டால், முதல் பஸ்ஸைப் பிடித்தும் போய்ச்சேர முடியாது. அட்டவணை போடுகிறவர்கள் பஸ், ரயில் நேரத்தைப் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டிங் நேரத்தைப் போட்டாலே பாதிக் கார்கள் குறையும். பெண் பிள்ளைகளைத் தனியாக அனுப்பத் தயங்கும் வீடுகளுக்கு, மொத்த டீமும் ஒரு பெரியவரோடு சேர்ந்து போவது நல்ல வழி. அதுவும் முடியாவிட்டால் ஒரே வேன். 14 பிள்ளைகள் 14 காரில் போவதற்கு, பெட்ரோல் காசைப் பங்கு போட்டுக்கொண்டு வேன் எடுப்பது எவ்வளவோ மேல்.

ஜன்னல் சீட் யாருக்கு என்ற சண்டையை மட்டும் கோச் பார்த்துக்கொள்ளட்டும்.