பொன் வாளும் பென்ஷனும்

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில், போரில் பெயரெடுத்த படைத்தலைவர்களுக்கு ஊர் மக்கள் பணம் சேர்த்து அலங்கார வாள் பரிசளிப்பார்கள். பிடியில் பொன் வேலைப்பாடு, அலகில் சித்திரங்கள், கூடவே பாராட்டு வாசகம். சண்டைக்கு அது உதவாது. அதற்காகச் செய்ததும் அல்ல.

அப்படி ஒரு வாள்தான் ஜெனரல் யுலிஸிஸ் கிராண்ட்டுக்குக் கிடைத்தது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864 ஏப்ரலில், காயம்பட்ட சிப்பாய்களுக்கு நிதி திரட்ட நியூயார்க்கில் பெரிய பொருட்காட்சி ஒன்று நடத்தினார்கள். அங்கே ஒரு வாளை வைத்து, கிராண்ட்டுக்கா, மெக்கிளெல்லனுக்கா என்று ஓட்டு எடுத்தார்கள். ஒரு ஓட்டு ஒரு டாலர். கிராண்ட் ஏறத்தாழ 30 ஆயிரம் ஓட்டு பெற்று ஜெயித்தார். பணம் சிப்பாய்களின் மருத்துவத்துக்குப் போயிற்று. அலங்காரப் பொருளால் இதைவிட நல்ல காரியம் நடந்திருக்காது என்பேன்.

மறு வருடம் அப்பொமாட்டாக்ஸில் எதிரித் தளபதி லீ அழகான வாளோடு சரணடைய வந்தார். வென்ற கிராண்ட்டின் இடுப்பில் வாளே இல்லை; சேறு படிந்த சாதாரணச் சிப்பாய்ச் சட்டைதான். லீயின் வாளையும் அவர் கேட்கவில்லை.

1869-இல் ஜனாதிபதியாவதற்காக ராணுவப் பதவியைத் துறந்தார். அதோடு ராணுவத்தில் ஓய்வு பெற்றால் வரும் சம்பளமும் போயிற்று. முன்னாள் ஜனாதிபதிகளுக்கோ 1958 வரை பென்ஷனே கிடையாது. 1884-இல் பங்குதாரரின் மோசடியால் அவருடைய நிதி நிறுவனம் திவாலானது. வாண்டர்பில்ட்டிடம் வாங்கிய ஒன்றரை லட்சம் டாலர் கடனுக்கு ஈடாகத் தம் வாள்களையும் பரிசுகளையும் ஒப்படைத்தார். நியூயார்க் வாளும் அதில் அடக்கம். நாடு கொடுத்த மரியாதை அடகுப் பொருளாயிற்று.

தொண்டைப் புற்றுநோயோடு உட்கார்ந்து நினைவுக் குறிப்புகளை எழுதினார். 1885 ஜூலையில், எழுதி முடித்த சில நாட்களில் இறந்தார். மார்க் ட்வெய்னின் பதிப்பகம் வெளியிட்ட அந்தப் புத்தகம் அவர் மனைவிக்கு நான்கு லட்சம் டாலருக்கு மேல் ஈட்டித் தந்தது. குடும்பத்தைக் காப்பாற்றியது பேனாதான். நாடாளுமன்றம் அவருக்கு ராணுவப் பதவியையும் சம்பளத்தையும் திருப்பிக் கொடுத்தது 1885 மார்ச்சில். அதை அவர் அனுபவித்தது நாலைந்து மாதம்.

வாள் கொடுப்பதைக் குறை சொல்லவில்லை. மரியாதையும் மனிதனுக்கு வேண்டியதுதான். ஆனால் வாள் கொடுப்பது ஒரு நாள் விழா, கைதட்டலோடு முடிந்துவிடும். பென்ஷன் மாதம் தவறாமல் நினைவு வைத்துக்கொள்கிற மரியாதை. மாதாமாதம் பென்ஷன் வாங்குகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: உழைத்தவனுக்கு முதலில் சோற்றுக்கு வழி செய்யுங்கள். பொன் வாளைப் பிறகு கொடுக்கலாம்.