படத்தில் இல்லாத பசை



மரக்காணத்து உப்பளங்களை மழைநீர் மூடிக்கிடந்த ஒரு காலைப்பொழுது. மதரஸா மாணவன் ஒருவன் பாடநூலுக்கு அடியில் வேறொரு நூலை ஒளித்து வைத்திருப்பதைக் கண்டேன். வாங்கிப் பார்த்தால், இரண்டாம் உலகப் போர் விமானங்களின் படங்கள்! "போர்க் கருவிகளில் உனக்கென்ன ஆசை?" என்று கடிந்துகொண்டேன். அவன் தலை கவிழ்ந்து, "போருக்காக இல்லை ஹஜ்ரத், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான்" என்றான்.

அந்த விடை என் சினத்தைத் தணித்தது. அன்றிரவு அந்நூலை நானே புரட்டினேன்.

அவை வெளித்தோற்றத்தை மட்டும் காட்டும் படங்கள் அல்ல. விமானத்தின் மேற்புறத்தை ஆங்காங்கே வெட்டி நீக்கியதுபோல வரைந்து, விலா எலும்புகளை ஒத்த சட்டங்கள், எரிபொருள் தொட்டிகள், குழாய்கள், விமானியின் இருக்கை ஆகியவற்றை ஒரே பார்வையில் காட்டுபவை. இலண்டனிலிருந்து வெளிவந்த 'ஃப்ளைட்' இதழுக்காக மாக்ஸ் மில்லர் போன்ற ஓவியர்கள் இத்தகைய படங்களை வரைந்தனர். இக்கலையின் வேர் நமக்கும் அந்நியமன்று. 1206ஆம் ஆண்டில் நிறைவுற்ற தம் நூலில், நீரிறைக்கும் பொறிகளின் உள்ளமைப்பை அல்ஜஸரீ வரைந்து விளக்கியிருக்கிறார்.

அந்நூலில் மாணவன் அடையாளம் வைத்திருந்த விமானம் 'மஸ்கிட்டோ'. பெயருக்குக் கொசு என்று பொருள். 1940 நவம்பரில் முதன்முதலாகப் பறந்த இது, பெரும்பாலும் மரத்தால் ஆனது. இரண்டு மெல்லிய பிளைவுட் பலகைகளுக்கு நடுவே பால்சா மரத்தை வைத்து ஒட்டி, உடலை இடம் வலமாக இரு பாதிகளாகச் செய்து, பின்னர் இணைத்தார்கள். சென்னை மாகாணத்தின் பெயரைத் தாங்கிய 264ஆம் விமானப் படைப்பிரிவும் 1942 முதல் இவ்விமானத்தில் பறந்தது.

மறுநாள் நூலைத் திருப்பிக் கொடுத்தபோது மாணவன் கேட்டான்: "எல்லாம் இருக்கிறது ஹஜ்ரத். ஒட்டிய பசை எங்கே?"

நான் வாயடைத்துப் போனேன். பசையை எந்த ஓவியரால் வரைந்து காட்ட முடியும்?

வாசகர்களே, அந்தப் பசையின் வரலாற்றைப் பின்னர் படித்தறிந்தேன். 1944இன் இறுதியில் இந்தியாவிலும் அதை அடுத்த கிழக்குப் பகுதிகளிலும் மஸ்கிட்டோ விமானங்கள் சில உடைந்து விழுந்தன. விமானிகள் மாண்டனர். முதலில் பழி நம் நாட்டு வெப்பத்தின்மீதும் பருவமழையின்மீதும் விழுந்தது. மழைக்காலத்தில் எங்கள் கடற்கரை வீடுகளின் மரக்கதவுகள் ஊறிச் சாத்த மறுப்பதை அறிந்தவர்களுக்கு அது நம்பத்தக்கதாகவே தோன்றும். ஆனால் இங்கிலாந்திலேயே இருந்த, பருவமழையைக் கண்டிராத விமானங்களைச் சோதித்தபோது அவற்றிலும் அதே குறைகள் காணப்பட்டன. ஒட்டும் வேலை தரமாகச் செய்யப்படவில்லை என்பதே ஆய்வின் முடிவு. குற்றம் வானத்தில் இல்லை, தொழிற்சாலையில் இருந்தது.

எங்கள் உப்பளத் தொழிலாளர்கள் இதை நன்கறிவர். பருவம் தொடங்குமுன் பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குகிறார்கள். வெண்ணிற உப்புக் குவியலைப் பார்ப்பவர் கண்ணில் அந்த உழைப்பு படுவதில்லை. ஆயினும் மிதித்தது சரியில்லையேல், உப்பு சேறாகிவிடும்.

இப்போது என் குறையைச் சொல்கிறேன். சென்ற ஆண்டுத் தேர்வில், அந்த மாணவன் தங்குதடையின்றி ஒப்புவித்ததைக் கேட்டு முழு மதிப்பெண் இட்டேன். பொருள் விளங்கியதா என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பலகைகளைப் பார்த்தேன், பசையைப் பார்க்கவில்லை. அவன் பின்னர் தடுமாறியபோது, பிள்ளைக்குக் கவனமில்லை என்று அவன் தந்தையிடம் முறையிட்டதும் நானே. பருவமழைமீது பழி சுமத்தியவர்களுக்கும் எனக்கும் என்ன வேறுபாடு?

வரும் தேர்வில் ஒவ்வொரு மாணவனிடமும் பொருளைக் கேட்பேன், இன்ஷா அல்லாஹ். உங்கள் பிள்ளை நல்ல மதிப்பெண் பெற்று வரும்போது மகிழுங்கள். கூடவே அருகில் அமர்த்தி, "இதை எனக்கு விளக்கிச் சொல் பார்க்கலாம்" என்றும் அன்போடு கேளுங்கள்.