பள்ளிக்கு வை-ஃபை வாங்கினால் மட்டும் போதுமா?

வீட்டில் ஒரு வை-ஃபை ரூட்டரில் நான்கைந்து கருவிகளை இணைக்கிறோம். பிரச்சினை வருவதில்லை. அதே ரூட்டரை 40 மாணவர்கள் உள்ள வகுப்பறையில் வைத்துப் பாருங்கள். ஒரே அலைவரிசையை அத்தனை பேரும் பங்கு போட வேண்டும். ஒரு கருவி தகவல் அனுப்பும்போது மற்றவை காத்திருக்கும். ஆன்லைன் தேர்வின் நடுவில் இணைப்பு அறுந்தால் நஷ்டம் மாணவனுக்குத்தான்.

எனவே, வேகமான இன்டர்நெட் இணைப்பு பள்ளியின் வாசல் வரை வந்தால் போதாது என்பது என் கருத்து. வகுப்பறைகளில் அக்சஸ் பாயின்ட், கேபிள், ஸ்விட்ச் எல்லாம் தேவை. இவை பழசாகும். 2009-ல் வெளியான 802.11என் அன்று வேகமானது. 2019-ல் வந்த வை-ஃபை 6 ஒரே நேரத்தில் பல கருவிகளுக்குத் தகவல் அனுப்பி நெரிசலைக் குறைத்தது. புதுப்பிக்கப் பணம் இல்லாத பள்ளி பழையதோடு நின்றுவிடும்.

அமெரிக்காவின் ‘இ-ரேட்’ திட்டம் இதற்கு நல்ல உதாரணம். 1996-ம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தால் உருவானது இது. 2014-ல் இதைத் திருத்தி, பள்ளிக்குள் அமைக்கும் வை-ஃபைக்கு 5 ஆண்டுகளுக்கு மாணவருக்கு 150 டாலர் என்று வரம்பு வைத்தார்கள். ஏழைப் பகுதிப் பள்ளிகளுக்கு அந்தச் செலவில் 85 சதவீதம் வரை சலுகை. 5 ஆண்டு முடிந்தால் புதுக் கணக்கு. எனக்குப் பிடித்தது இதுதான். ஒருமுறை கொடுத்துவிட்டு ஒதுங்குவதில்லை.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில், “எத்தனை கம்ப்யூட்டர் இருக்கிறது?” என்பதோடு நிறுத்தாதீர்கள். “ஒரே நேரத்தில் எத்தனை பேர் இணையலாம்? புதுப்பிக்க நிதி இருக்கிறதா?” என்றும் கேளுங்கள்.