மாத்திரைக்கு முன்னால் ஒரு டப்பா

கரும்பு வெட்டு, களையெடுப்பு, மரவள்ளி பிடுங்குதல் என்று சங்கராபுரம் பக்கம் வயல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஒதுங்க இடம் கிடைப்பது அரிது. அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். வரும் சிறுநீரையும் அடக்கிக்கொள்கிறார்கள். பிறகு நீர்க்கடுப்பு. வெளியே சொல்லக் கூச்சம். இளநீர், பார்லி கஞ்சிக்கு அடங்காவிட்டால், மருந்துக்கடையில் நாலு மாத்திரை. இரண்டு நாளில் எரிச்சல் குறையும். அடுத்த மாதம் திரும்பவும் வரும்.

எரிச்சலுக்குக் காரணம் கிருமியாக இருக்கலாம். கல், சர்க்கரை நோய், ஆண்களுக்கு புராஸ்டேட் வீக்கம்கூடப் பின்னால் இருக்கலாம். எது என்று சொல்ல வேண்டியது பரிசோதனைதான்.

முதல் படி சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை. சீழ் அணுக்கள், ரத்த அணுக்கள், புரதம், சர்க்கரை இருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். கிருமித் தொற்று என்று சந்தேகம் வந்தால், அடுத்தது கல்ச்சர். கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்ப்பார்கள். முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். ஆன்டிபயாடிக் மாத்திரையைப் போட்டுவிட்டுக் கொடுத்தால் கிருமி வளராமல் போகலாம். நோய் இருந்தும் 'ஒன்றுமில்லை' என்று ரிப்போர்ட் வரும். ஆகவே மாத்திரைக்கு முன்னால் டப்பா.

அந்த டப்பாவும் லேபில் கொடுக்கும் சுத்தமான டப்பாவாக இருக்க வேண்டும். வீட்டில் கழுவி வைத்த டானிக் பாட்டில் ஆகாது. அந்தரங்க உறுப்பைத் தண்ணீரால் கழுவிக்கொண்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். மாதவிலக்கு நேரமென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கல்வராயன் மலையில் வெள்ளிமலை, சேராப்பட்டு பக்கமிருந்து வருகிறவர்கள் வீட்டிலேயே பிடித்து பஸ்ஸில் கொண்டுவர வேண்டாம். வெயிலில் இரண்டு மணி நேரம் கடந்தால் டப்பாவுக்குள்ளேயே கிருமி பெருகி, முடிவு தப்பாகிவிடும். லேபுக்கு வந்தே கொடுங்கள்.

கர்ப்பிணிகளுக்கு ஒரு வார்த்தை: எரிச்சல் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கலாம். கவனிக்காவிட்டால் அது சிறுநீரகம் வரை ஏறும். செக்கப்பில் சிறுநீர் கேட்டால் தட்டிக்கழிக்காதீர்கள்.

ஐம்பது தாண்டிய ஆண்கள் சொட்டுச் சொட்டாகப் போவதையும், இரவில் நாலு முறை எழுவதையும் 'வயசானா அப்படித்தான்' என்று விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு வயிற்று ஸ்கேன் உதவும். சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போது ஒரு முறையும், போய்விட்டு வந்ததும் ஒரு முறையும் பார்த்து, உள்ளே எவ்வளவு தங்குகிறது என்று அளப்பார்கள். யூரோஃபுளோ என்பது ஒரு கருவிக்குள் சிறுநீர் கழிப்பது, அவ்வளவுதான்; ஊசியோ வலியோ இல்லை. வேகம் விநாடிக்கு 10 மில்லிக்குக் கீழே இருந்தால் அடைப்பு இருக்கிறதோ என்று யோசிப்பார்கள்.

காசில்லாத சோதனையும் ஒன்று உண்டு. மூன்று நாளைக்கு எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு போனது, எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். அளக்க ஒரு பழைய டம்ளர் போதும். மருத்துவருக்கு அந்தத் தாள் பாதி வழியைக் காட்டிவிடும்.

வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போனால், ஒரே ஒரு முறை போய் நின்றுவிட்டாலும் சும்மா இருக்காதீர்கள். பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குப் புகை பெரிய காரணம். அப்போது மெல்லிய கேமரா குழாயைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்திப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பி தேவைப்படலாம். மரத்துப்போகும் ஜெல் தடவியே செய்வதால் பயம் வேண்டாம்.

குளிர் காய்ச்சல், விலாவில் வலி, வாந்தி இருந்தாலோ, சிறுநீர் அடியோடு நின்றுவிட்டாலோ லேப் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மற்றபடி முதல் பரிசோதனைக்கு சங்கராபுரம் அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. மேல்சிகிச்சை தேவையென்றால் கள்ளக்குறிச்சி சிறுவங்கூரில் 2022-இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மருத்துவர் மாத்திரை எழுதும்போது, "சிறுநீர் கொடுத்துட்டு மாத்திரையை ஆரம்பிக்கலாமா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ரிப்போர்ட்டைத் தூக்கிப்போடாமல் பத்திரப்படுத்துங்கள்; அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.